நாலு மணி இருட்டும் ஒரு பிள்ளையின் தலையும்

"...தானாய்க் கொட்டின முடியெண்டால் வேரோடை வரும், சிஸ்டர். இது நடுவாலை முறிஞ்சு போய் நிக்குது. இந்தத் தலையிலை கத்தரிக்கோல் வைச்சது ஆர்?"

கேட்டவள் எங்கள் மேல்மாடிக்காரி. எங்கள் வீட்டுச் சோபாவின் விளிம்பில், வேலைக்குப் போகும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஏழு வயது மகள் அவளுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தாயின் விரல்கள் பிள்ளையின் பிடரி முடியை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்திருந்தன. நடுவே, இரண்டு விரல் அகலத்துக்கு, நகத்தளவு நீளத்தில் மட்டும் முடி நின்றது. தை மாதம். மணி ஐந்துகூட ஆகவில்லை, வெளியே கரி பூசியதுபோல் இருட்டு. நான் தேநீர்க் கோப்பையோடு கதவடியில் நின்றேன்.

அவள் பேசியது ஆங்கிலம்தான். கானா நாட்டு ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லையும் மேசையில் தட்டு வைப்பதுபோல வைத்து வைத்துப் பேசுவாள். ஆனால் எனக்குப் பிடித்த ஆட்கள் எந்த மொழியில் பேசினாலும் என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே ஏறும். ஞாபகத்திலும் அப்படித்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். அவள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் ஆனபடியால் நான் அவளை 'சிஸ்டர்' என்பேன். அவர்கள் ஊரில் பிடித்த பெண்ணை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், அதனால் அவளும் என்னை 'சிஸ்டர்' என்பாள். படிக்கட்டில் சந்தித்தால் "சிஸ்டர்", "சிஸ்டர்" என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்த்து என் மனுசன் சிரிப்பார். "இதென்ன கன்னியர் மடமோ?" என்று கேட்பார்.

அவள் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முதல், அந்தத் தலையின் கதையைச் சொல்லவேண்டும்.

எண்பதுகளின் கடைசி. லண்டன் எட்மண்டனில் ஒரு பழைய வீட்டை மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுத்தட்டில் நாங்கள் இரண்டு பேர். அப்போது எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மனுசன் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. எனக்கு ஆங்கிலம் அரைகுறை. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவளும் இல்லை, ஆட்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மிச்சத்தைப் படித்தவள். ஆனாலும் கவுன்சிலில் பதிந்து, வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அனுமதி எடுத்திருந்தேன். கவுன்சிலில் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து அடுப்பையும் படிக்கட்டையும் யன்னல் கொளுக்கியையும் பார்த்துவிட்டுப் போனாள். அவள் பார்க்காமல் விட்டது என் தலைக்குள் இருந்ததைத்தான்.

மேல்மாடிக்காரி கிழமையில் மூன்று நாள் நைட் ஷிப்ட். அந்த மூன்று நாளும் நான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வந்து, சாப்பாடு கொடுத்து, எங்கள் சின்ன அறையில் படுக்கவைத்து, காலையில் திரும்பவும் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும். முதல் நாள் அவள் ஒரு பையோடு வந்தாள். பையில் பிள்ளையின் இரவு உடுப்பு இருக்கும் என்று நினைத்தேன். அவள் வெளியே எடுத்தது தண்ணீர் விசிறும் போத்தல், மஞ்சளாய்க் கட்டிபட்ட ஒருவகை மரவெண்ணெய் உள்ள டப்பா, விரல் நுழையும் அளவுக்கு அகலமான பல் உள்ள சீப்பு, வழுவழுவென்ற சாட்டின் துணியில் ஒரு தலைச்சால்வை, அதே துணியில் ஒரு தலையணை உறை.

"இவள் என்ன சாப்பிட்டாலும் பரவாயில்லை," என்றாள். "பல்லுத் தீட்டாமல் படுத்தாலும் நான் கோவிக்கமாட்டன். தலையை மட்டும் நான் சொல்லிற மாதிரிச் செய்யுங்கோ."

அவள் சொன்ன மாதிரி இது: பின்னேரம் படுக்க முன்னம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய றப்பர் பாண்டுகளைக் கழற்றவேண்டும். முடியை நனைய விடாமல் ஈரமாக மட்டும் ஆக்கவேண்டும். நுனியில் வெண்ணெய் தடவி, விரலால் சிக்கெடுத்து, பிறகு சீப்பு. சீப்பும் நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறவேண்டும், எங்களைப்போல உச்சியில் குத்தி ஒரே இழுவையில் கீழே கொண்டுவரக் கூடாது. பிறகு இறுக்காமல் ஆறு பின்னல். அதன்மேல் சால்வையைக் கட்டிப் படுக்கவைக்கவேண்டும். பருத்தித் தலையணை உறை அந்த முடியின் ஈரத்தைக் குடித்துவிடுமாம், உரஞ்சி உரஞ்சி முறித்துவிடுமாம்.

"எங்கட முடி வளராது எண்டு சனம் சொல்லும். பொய். உங்கட முடி வளர்ற வேகத்திலைதான் இதுவும் வளருது. வளர்ற அளவுக்கு முறிஞ்சு போறதாலை ஒருத்தருக்கும் தெரியிறேல்லை. முறியாமல் காத்தால் போதும், அது தன்ரை பாட்டிலை நீளும். பகல் முழுக்க நிண்டு வேலை செய்த முடி, சிஸ்டர். இரவிலை அதையும் படுக்கப் போடவேணும்."

இந்தக் கடைசி வசனம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஆட்கள் வாயில் இருந்து விழும் நல்ல சொல்லை நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். அன்றும் எழுதி வைத்தேன்.

அவளுக்கு ஏன் இவ்வளவு பயம் என்பது ஒரு மாதம் கழித்துப் படிக்கட்டில் நின்று பேசியபோதுதான் தெரிந்தது. நேர்ஸ் படிப்புப் படித்த காலத்தில், பிள்ளையை லண்டனுக்கு வெளியே கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்கார வீட்டில் விட்டிருந்தாளாம். ஒரு சனிக்கிழமை ரயில் ஏறிப் போய்ப் பார்த்தால் தோட்டத்தில் நாலைந்து பிள்ளைகள் விளையாடுகிறார்கள், தன் பிள்ளையைக் காணவில்லை. "ஒரு பொடியன் ஓடிவந்து என்ரை காலைக் கட்டிப் பிடிச்சான். பார்த்தால் என்ரை மகள்." சீப்பு இறங்கவில்லை என்று அந்த வீட்டுக்காரி முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தாள். சொல்லிக்கொள்ளவும் இல்லை. நல்லெண்ணத்தில் செய்தேன் என்றாளாம். அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பியவள், இரண்டு வருஷமாக அந்த முடியை அங்குலம் அங்குலமாக வளர்த்துக்கொண்டிருந்தாள். "பெத்த தாய் பிள்ளையை மட்டுக்கட்டேல்லை" என்று, அடையாளம் தெரியாமல் நின்றதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, படிக்கட்டுக் கைபிடியைத்தான் பார்த்தாள்.

புரட்டாதி முழுக்க நான் அவள் சொன்னபடி செய்தேன். ஐந்து மணிக்குப் பிள்ளையை யன்னல் ஓரத்தில் ஒரு குட்டி முக்காலியில் இருத்தி, பின்னால் நான் நாற்காலியில் இருந்துகொண்டு ஆறு பின்னல் போடுவேன். முதலில் கை பழகவில்லை. அந்த முடி என் விரலைப் பிடித்துக்கொள்ளும், விடாது. பிறகு அதன் குணம் விளங்கியது. அவசரப்படுத்தினால் முறுக்கிக்கொள்ளும், பொறுத்தால் பஞ்சுமாதிரித் திறக்கும். பிள்ளை கதை சொல்லிக்கொண்டே இருப்பாள். தாய் ஒருநாள் தலையைத் தடவிப் பார்த்து, "உங்கட கை நல்ல கை, சிஸ்டர்" என்றாள். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஐப்பசி முடிவில் இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். அதோடு என் கஷ்டம் தொடங்கியது.

விளக்கு வைத்த பிறகு தலை இழுக்கக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொழுதுபட்டு வீட்டில் விளக்கு ஏற்றியாயிற்று என்றால் சீப்பைத் தொடமாட்டோம். ஏன் என்று நானும் கேட்டதில்லை. ஊரில் ஆறரை மணிக்குத்தான் பொழுதுபடும், அதற்குள் எல்லாருடைய தலையும் இழுத்துப் பின்னி முடிந்துவிடும், எவருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. பொழுது நாலு மணிக்குப் படும் ஒரு ஊருக்கு இந்தப் பழக்கத்தைக் கட்டிக்கொண்டு வரப்போகிறோம் என்று யார் கண்டார்?

சாதாரண காலமாக இருந்திருந்தால் நான் அதைப் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேனோ என்னவோ. ஆனால் அந்த மாதம் சாதாரண மாதம் இல்லை. ஊரில் சண்டை. என் அண்ணையும் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். ஐப்பசிக்குப் பிறகு அண்ணையிடம் இருந்து ஒரு கடிதமும் இல்லை. தபால்காரன் கதவுத் துவாரத்தால் எதையாவது தள்ளும் சத்தம் கேட்டால் நான் கைவேலையைப் போட்டுவிட்டு மூன்று படி தாண்டி ஓடுவேன். காஸ் பில்லாக இருக்கும். அந்த நாட்களில் நான் இடக்காலை முன்வைத்துக்கூட வெளியே போகவில்லை. தும்மினால் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவேன். சாமிப் படத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கு தானாய் அணையும்வரை அறையை விட்டு நகரமாட்டேன். கையில் வேறு என்ன இருந்தது எனக்கு? இப்படியான சின்னச் சின்ன ஒழுங்குகளைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணையை அங்கே பிடித்து வைத்திருப்பதாக ஒரு நினைப்பு. அதில் ஒன்றை விட்டாலும் அங்கே ஏதாவது விழுந்துவிடும்.

ஆகவே பொழுதோடு ஓட்டப்பந்தயம் ஓடினேன். பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீதியெல்லாம் ஓட்டம். வீட்டுக்குள் வந்ததும் கோட்டைக் கழற்றாமலே முக்காலியில் இருத்தி, மிச்ச வெளிச்சத்தில் அவசரம் அவசரமாய்ப் பின்னுவேன்.

"ஆன்ட்டி, எங்களை ஆரும் துரத்துகினமோ?" என்று பிள்ளை ஒருநாள் கேட்டாள்.

மனுசன் காலை ஷிப்ட் முடிந்து வந்து சாய்ந்துகொண்டு இதைப் பார்ப்பார். "வெளியிலை பார், கவுன்சில்காரன் ரோட்டு லைட்டைப் போட்டிட்டான். அதுவும் விளக்கு வைச்ச கணக்கிலை வருமோ?"

"பகிடி விடாதையுங்கோ."

"இல்லை, தெரியாமல்தான் கேக்கிறன். கவுன்சில்காரன் லைட் போட்டால் லட்சுமி எட்மண்டனை விட்டுப் போயிடுவாவோ? அவவுக்கு முதலிலை இஞ்சை விசா கிடைச்சதோ?"

நான் கோபத்தில் சீப்பை அவர் பக்கம் எறிந்தேன். பிள்ளைக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கார்த்திகை நடுவில் பந்தயத்தில் தோற்றேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதே உள்ளே இருட்டு. லைட் போடாமல் சாவித் துவாரத்தையே காண ஏலாது. ஒருநாள் மட்டும் விடுவோம் என்று நினைத்தேன். காலையில் கட்டிய றப்பர் பாண்டுகளைக் கழற்றாமல், அப்படியே மேலே சால்வையைக் கட்டிப் பிள்ளையைப் படுக்கவைத்தேன்.

"மம்மி ஆறு பின்னல் எண்டு சொன்னவ," என்றாள் பிள்ளை.

"நாளைக்குக் காலமை ஆன்ட்டி வடிவாய்ச் செய்துவிடுறன்."

காலையில் எங்கே நேரம்? பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, காய்ந்து இறுகிய முடியில் பாண்டு புதைந்துபோய் இருக்கும். இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். நுளம்பு நசுங்கினால் வருமே, அந்த அளவு. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஒருநாள் இரண்டு நாளாகி, இரண்டு நாள் வழக்கமாகிவிட்டது. சீப்பில் குட்டிக் குட்டிச் சுருள்கள் வரத் தொடங்கின. அவற்றைக் காகிதத்தில் சுற்றி என் கோட்டுப் பையில் வைத்து, பஸ் தரிப்பிடத்துக் குப்பைத்தொட்டியில் போடுவேன். எங்கள் வீட்டுக் குப்பையில் போட்டால் அவள் கண்டுவிடுவாளோ என்ற பயம். களவெடுத்தவள்போல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.

மார்கழியில் அண்ணையின் கடிதம் வந்தது. எல்லாரும் சுகம். வீட்டை விட்டு ஓடிப்போய் வேறொரு ஊரில் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தார்களாம், தபால் போகவில்லையாம். நான் படிக்கட்டிலேயே இருந்து அழுதேன். நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே என் பயம் விட்டுப்போயிருக்க வேண்டும். அன்று பின்னேரமே லைட்டைப் போட்டுக்கொண்டு பிள்ளையின் தலையை எடுத்திருக்க வேண்டும். என் புத்தி வேறு பக்கம் ஓடியது. ஒழுங்கைக் காத்தபடியால் அல்லவா கடிதம் வந்தது? பலித்த ஒன்றை எப்படி நிறுத்துவது? கடிதம் வரும்வரை பயந்து பயந்து செய்ததை, கடிதம் வந்த பிறகு நம்பிச் செய்தேன். அது இன்னும் மோசம்.

அந்த நேரம் பார்த்து மேல்மாடிக்காரிக்கு வார்ட்டில் ஆள் குறைவு. நத்தார் பண்டிகையை ஒட்டி மூன்று கிழமை, கிழமைக்கு ஆறு இரவு வேலை. பகலெல்லாம் அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள், ஓய்வு இரவிலும் பிள்ளை எங்களோடுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே தலை முழுகவார்ப்பவள், "இந்த முறை நீங்களே பாருங்கோ சிஸ்டர், உங்கட கையை நான் நம்புறன்" என்றாள். நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. சொல்லவில்லை.

அந்த ஞாயிறு முழுகவார்க்கும்போதுதான் பிடரியில் அந்த இடத்தைக் கண்டேன். முதலில் சவர்க்கார நுரை என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். நுரை போயிற்று, இடம் அப்படியே நின்றது. பாண்டு இறுகிய இடம், தலையணையில் அழுந்திய இடம். விரலை வைத்துப் பார்த்தேன். புதிதாய் வெட்டிய புல்லைத் தொடுவதுபோல் இருந்தது.

டூட்டிங்கில் இருந்த மச்சாளுக்குப் போன் எடுத்தேன். மனுசனின் தங்கை, எல்லாவற்றுக்கும் மருந்து வைத்திருப்பவள். எடுத்த எடுப்பில், கறுப்பு ஆட்களுக்கு எங்கள் சனம் சொல்லும் அந்தச் சொல்லைச் சொன்னாள். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. முன்பு நானும் சொன்னவள்தான்.

"அதின்ரை தலைக்கு நீ ஏன் உப்பிடிப் பதகளிக்கிறாய்?"

"அந்தப் பிள்ளைக்கு ஒரு பேர் இருக்கு, மச்சாள்."

"சரி சரி, கோவியாதை. உது சின்ன விசயம். ஒருக்கால் மொட்டை அடிச்சு விடு. பேந்து பார், காடு மாதிரி வரும். என்ரை மூத்தவனுக்கு மூண்டு தரம் அடிச்சனாங்கள்."

நான் போனை வைத்தேன். வைத்தேனே தவிர, அவள் சொன்னது உள்ளே இருந்து அரித்தது. மொட்டை என்று இல்லை. அந்த இடத்தைச் சுற்றி முறிந்தும் முறியாமலும் நின்ற முடிகளைக் கொஞ்சம் சமப்படுத்திவிட்டால் வித்தியாசம் தெரியாதே என்று ஒரு யோசனை. ஒரு பின்னேரம் பிள்ளை தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது தையல் பெட்டியில் இருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிள்ளை திரும்பிப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். இரண்டு கையையும் எடுத்துத் தன் தலையில் பொத்திக்கொண்டு, திரும்பவும் தொலைக்காட்சியைப் பார்த்தாள்.

கத்தரிக்கோலைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். நல்லெண்ணத்தில் செய்தேன் என்று சொன்ன அந்தக் கடற்கரைக்காரிக்கும் எனக்கும் எத்தனை அடி தூரம் என்று அளந்து பார்த்தால், ஒரு சோபா நீளம்கூட வராது.

அதற்குப் பிறகு செய்ததும் மறைப்பு வேலைதான். இரண்டு பக்கமும் உயரக் கட்டும் முடியை இறக்கிப் பிடரியை மூடுகிற மாதிரிக் கட்டினேன். அது அந்த இடத்தை இன்னும் இழுத்தது. தெரிந்தும் கட்டினேன். மேல்மாடியில் காலடிச் சத்தம் கேட்டால் என் கை தன்பாட்டில் பிள்ளையின் பிடரிக்குப் போகும். கம்பளித் தொப்பியை வீட்டுக்குள்ளும் போட்டுவிட்டேன், குளிர் என்று சொன்னேன். இரவில் பிள்ளை தூங்கிய பிறகு போய் நின்று, அந்த இடத்தில் ஏதாவது நீண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். ஒரு நாளில் முடி எவ்வளவு வளரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தடவினேன்.

தை பிறந்து, நெருக்கடி குறைந்த முதல் கிழமை அது. மேல்மாடிக்காரி வேலைக்குப் போகும் வழியில் நேரத்தோடு இறங்கி வந்தாள். "எத்தினை நாளாய் உங்களோடை இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கேல்லை" என்றாள். நான் குசினிக்குள் போனேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் அவள் மகளைப் பக்கத்தில் இழுத்து, தொப்பியைக் கழற்றி, சும்மா தலையைத் தடவியிருக்கிறாள். நான் கோப்பையோடு வந்தபோது அவளுடைய விரல்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

அப்போதுதான் அவள் கேட்டாள், கத்தரிக்கோல் வைத்தது யார் என்று.

இல்லை, நான் வெட்டவில்லை என்று சொல்ல வாய் எழவில்லை. வெட்டவில்லைத்தான். ஆனால் கையில் எடுத்தவள். அதைக் கண்ட சாட்சி அங்கேயே நிற்கிறாள். நான் பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஒருத்தரும் வெட்டேல்லை, மம்மி. ஆன்ட்டிக்கு இருட்டெண்டால் பயம்."

"என்ன இருட்டு?"

தாய் என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. நோயாளியின் தாளை வாசிக்கும்போது நேர்ஸ்மார் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சொன்னேன். என் அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, பொழுது, சீப்பு. றப்பர் பாண்டு, காலையில் கேட்ட சத்தம். பஸ் தரிப்பிடத்துக் குப்பைத்தொட்டி. அண்ணை, கடிதம். கத்தரிக்கோலையும் சொன்னேன். எங்கள் ஆட்கள் பத்துப் பேருக்கு நடுவில் சொன்னால் பத்துப் பேரும் தலையாட்டும் ஒரு விஷயம், ஆங்கிலத்தில் வெளியே வரும்போது வெயிலில் வைத்த மீன்மாதிரிக் கிடந்தது. "விளக்கு வைத்தால் சீப்பைத் தொடக்கூடாது" என்று நான் மூன்றாம் முறை சொன்னபோது எனக்கே அது யாரோ ஒரு பைத்தியக்காரி சொல்வதுபோல் கேட்டது. தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது.

நான் முடித்ததும் அவள் கேட்டாள்:

"அண்ணை இப்ப சுகமோ?"

"ஓம், சுகம்."

"அவருக்காக என்ரை பிள்ளையின்ரை தலையைக் குடுத்திருக்கிறியள்."

ஏதாவது சொல்லித் தப்பலாம் என்று பார்த்தேன். வழி இல்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை.

"ஓம்," என்றேன்.

நாளைக்குக் காலையில் பிள்ளை இங்கே இருக்கமாட்டாள் என்று நினைத்தேன். கவுன்சிலுக்குச் சொல்வாள், சொல்லட்டும், அது பெரிதில்லை. படிக்கட்டில் அவள் என்னைக் கடந்து போகும்போது 'சிஸ்டர்' என்று சொல்லாமல் போவாள். அந்தச் சத்தமில்லாத காலடியை நான் அப்போதே கேட்டுவிட்டேன்.

"பகலிலை எண்டால் பிழையில்லை?" என்று கேட்டாள்.

"பிழையில்லை."

"விளக்கு எரிஞ்சால்தான் பிழை."

"ஓம்."

அவள் எழுந்தாள். பிள்ளையைத் தோளில் பிடித்து ஒரு பக்கமாக நிறுத்தினாள். நேரே நான் நின்ற கதவை நோக்கி வந்தாள். பிள்ளையின் உடுப்புப் பை கதவுக்கு வெளியே தொங்கியது, அதை எடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து, வழிவிட்டுச் சுவரோடு ஒதுங்கினேன். அவள் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, சுவரில் இருந்த சுவிட்சை அமத்தினாள். அறை இருண்டது. பொழுதுபட்ட நேரத்தில் விளக்கை நூர்ப்பது அதைவிடப் பெரிய பிழை, சிஸ்டர் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இருட்டுக்குள் அவள் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. கோட்டைக் கழற்றிப் போடும் சத்தம். சோபா அமுங்கும் சத்தம். "நிலத்திலை இரு" என்று மகளிடம் சொன்னாள். பிறகு சீப்பும் இல்லாமல், வெளிச்சமும் இல்லாமல், வெறும் விரலால், அந்த இடத்துக்கு ஓரமாய் இருந்த முடியில் தொடங்கி, முதலாவது பின்னலைப் பின்னினாள்.